அவமானமும் திடீர்ப் புகழும்: அங்கத நாவலில் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கதைத்தொடுப்பு (இழையைத் தொடங்கியவர்) எழுதியது:

வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஓர் அங்கத நாவலை எழுதி வருகிறேன். 22 அத்தியாயங்கள் முடிந்துவிட்ட நிலையில், ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கதை இதுதான். நூலகம் ஒன்றில் கிழிந்த புத்தகங்களுக்குப் பைண்டிங் செய்யும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தம் நெடுநாள் நண்பரின் இறுதிச் சடங்கில் நிற்கிறார். இரங்கல் உரை நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று வாய்விட்டுச் சிரித்துவிடுகிறார். யாரோ எடுத்துக்கொண்டிருந்த காணொளியில் அந்தச் சிரிப்பு 9 நொடிகள் பதிவாகிறது. அன்று இரவுக்குள் அது ஊர் தாண்டி, மொழி தாண்டிப் போய்விடுகிறது. ‘இரக்கமற்றவன்’ என்ற பட்டம் முதல் நாளே வந்து சேர்கிறது. மூன்றாம் நாள் அவர் வேலை பார்க்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். பத்தாம் நாள் நிர்வாகம் அவரை விடுப்பில் போகச் சொல்கிறது.

இரண்டாம் மாதத்தில் காற்று திசை மாறுகிறது. அந்தச் சிரிப்பை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, தேர்வு முடிவு, தேர்தல் தோல்வி, திருமண நாள் என்று எதற்கு வேண்டுமானாலும் பொருத்திப் பகிர்கிறார்கள். பார்த்துப் பார்த்து முகம் பழகிவிட்டதால், வெறுப்பு தேய்ந்து ஒருவகைப் பிரியமாகிறது. நான்காம் மாதத்தில் ஒரு விளம்பர நிறுவனம், அதே சிரிப்பைக் கேமராவின் முன் ஒருமுறை சிரித்துக் கொடுத்தால் அவருடைய இரண்டாண்டுச் சம்பளத்தைத் தருவதாகச் சொல்கிறது. எந்தச் சிரிப்புக்காக அவரை ஓட ஓட விரட்டினார்களோ, அதையே இப்போது விலைக்குக் கேட்கிறார்கள்.

அவர் ஏன் சிரித்தார் என்பதை 19-ஆம் அத்தியாயத்தில்தான் சொல்கிறேன். இறந்த நண்பர் வாழ்நாளில் எங்குமே நேரத்துக்குப் போனதில்லை. அவருடைய உடலைச் சுமந்துவந்த வண்டியும் அன்று 40 நிமிடம் தாமதமாகவே வந்தது. உரையாற்றியவர் அது தெரியாமல், ‘நேரம் தவறாதவர்’ என்று அவரைப் புகழ்ந்தார். நண்பர் பக்கத்தில் நின்றிருந்தால் இருவரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். இவர் தனியாகச் சிரித்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், வரைவைப் படித்த மூவருமே என் கதாநாயகரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவரைத் துரத்தும் கூட்டத்தைச் சாடி நான் எழுதிய அத்தியாயங்களைப் பிரசங்கம் போல இருக்கின்றன என்று புரட்டிவிட்டுப் போனார்கள். என் அம்பு தவறான ஆளின்மேல் தைக்கிறது. எங்கே பிழை செய்தேன் என்று சொல்லுங்கள்.

பழையவாசகர் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்விக்குத் தொல்காப்பியமே ஒரு விடையை வைத்திருக்கிறது. அங்கதத்தை அது இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாகச் சாடுவது செம்பொருள் அங்கதம், சாடலைச் சொல்லுக்குள் மறைத்துவைப்பது பழிகரப்பு அங்கதம். நீங்கள் கதாநாயகரின் தடுமாற்றங்களையெல்லாம் பழிகரப்பாக, நயமாக, பாதி சொல்லிப் பாதி விட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கூட்டத்தை மட்டும் செம்பொருளாக, நேருக்கு நேர் வைதிருக்கிறீர்கள். நயமாக எழுதப்பட்ட இடத்தில் வாசகர் சிரிப்பார். வைதிருக்கும் இடத்தில், நாம் அறியாத யாரையோ திட்டுகிறார்கள் என்று கடந்து போவார்.

ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோது பாடிய புறநானூற்றுப் பாடலை (95) நினைத்துப் பாருங்கள். படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை கொண்ட மன்னனிடம், ‘உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன’ என்கிறார். ஒரு வசைச்சொல்கூட இல்லை. தொண்டைமானின் படை போர் காணாதது என்பதை மட்டும் கேட்டவர் எவரும் மறக்க முடியாது.

கூட்டத்தை இப்படிப் புகழ்ந்து எழுதிப் பாருங்கள். உங்கள் கதைசொல்லி, அந்தக் கூட்டத்தின் அறவுணர்வையும், விழிப்பையும், முன்பின் தெரியாத ஒருவரின் சாவுக்காக நள்ளிரவு வரை கண்விழித்துத் துக்கம் காத்த பெருந்தன்மையையும் மனமாரப் பாராட்டட்டும். கதைசொல்லி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

நிழல்மரம் எழுதியது:

பழையவாசகர் ஐயா சொன்ன கடைசி வரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்.

சில ஆண்டுகளுக்கு முன், முன்பின் தெரியாத ஒரு பெண் பொது இடத்தில் ஒரு முதியவரிடம் எரிந்துவிழும் காணொளி எல்லோரிடமும் சுற்றியது. அப்போது என் அம்மா அறுவை சிகிச்சை அறைக்குள் இருந்தார். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கைகளுக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. அந்தக் காணொளிக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இங்கே மீண்டும் எழுத எனக்கு மனமில்லை. சொல்லழகு நிறைந்த வரி என்று மட்டும் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் வைத்தேன். ஒவ்வொரு அதிர்வுக்கும் அது விரல்நுனி அளவு நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. கீழே விழாமல் பிடித்தபோது சூடாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் என் வரியை விரும்பியிருந்தார்கள். அம்மாவைப் பற்றிய பயம் அந்த ஒரு மணி நேரம் எனக்கு இல்லை. அதை மறுத்தால் பொய் சொன்னவளாவேன்.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

உங்கள் நாவலுக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கக்கூடும். ஒன்று, கூட்டத்தில் இருப்பவர்கள் கொடியவர்கள் இல்லை. காத்திருப்பவர்கள், சலித்தவர்கள், பயந்தவர்கள். இன்னொன்று, திடீர்ப் புகழ் உங்கள் கதாநாயகருக்கு மட்டும் வருவதில்லை. அவரை அழகாகத் திட்டியவருக்கும் வருகிறது, அதுவும் அவருக்கு முன்பே வந்துவிடுகிறது. அப்படி ஒருவரை நாவலுக்குள் கொண்டுவாருங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும்.

அகத்திணை எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அகப்பாடல்களில் ஒரு செய்தி சிலர் வாயில் மட்டும் முணுமுணுப்பாக இருக்கும்போது அது அம்பல். ஊரறியப் பேசப்படும்போது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர்ந்துவிட்டது. ஊரார் பேச்சு எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல் நீராகவும் அமைய இந்தக் காமநோய் வளர்கிறது என்ற குறள் (1147), தூற்றலே ஒன்றை வளர்த்துவிடும் விதத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! கதாநாயகரின் விளம்பர வாய்ப்பு அந்த எருவில் விளைந்ததுதான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் தவறவிடக்கூடாது. அலர் தூற்றிய பெண்டிர், மறுநாளும் அந்தத் தலைவியின் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். அவளுக்குத் திருமணம் என்றால் இவர்கள்தான் வந்து நிற்பார்கள். தூற்றுகிறவர்களுக்கும் தூற்றப்படுகிறவளுக்கும் நாளை என்று ஒன்று இருந்தது. அதனால் அந்தப் பேச்சுக்கு ஓர் அளவும் இருந்தது. உங்கள் நாவலின் கூட்டத்துக்கும் பைண்டிங் செய்பவருக்கும் நாளை என்று எதுவும் கிடையாது. யாரும் யாரையும் மறுபடி பார்க்கப் போவதில்லை.

வரைவுத்தாள் எழுதியது:

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு; சற்றுக் கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

உங்கள் கதாநாயகர் குற்றமற்றவர். நண்பர்மேல் கொண்ட அன்பினால்தான் சிரித்தார் என்று 19-ஆம் அத்தியாயத்தில் நீங்கள் அவரை விடுவித்துவிடுகிறீர்கள். அந்த இடத்தில்தான் நாவல் பலவீனமடைகிறது என்று நினைக்கிறேன். குற்றமற்ற ஒருவரை நிறுத்திவைத்து, இவரைப் போய்த் தூற்றினீர்களே என்று கூட்டத்தைக் கேட்பது எளிது. கூட்டம் உடனே, ‘எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் தூற்றியிருக்க மாட்டோம்’ என்று சொல்லித் தப்பித்துவிடும். அடுத்த காணொளியில் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றாகிவிடும்.

2005-இல் தென்கொரியத் தலைநகர் சியோலின் சுரங்க ரயிலில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பெண்ணின் நாய் பெட்டிக்குள் அசுத்தம் செய்தது; தரையைத் துடைக்க அவர் மறுத்தார். யாரோ படம் எடுத்து இணையத்தில் இட்டார்கள். சில நாட்களில் அவர் யார், என்ன செய்கிறார் என்பதையெல்லாம் தேடி எடுத்துப் பரப்பினார்கள். அவர் செய்தது தவறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தவறின் அளவு என்ன? ஒரு பெட்டியில் இருந்த சிலரின் முகச்சுளிப்பும், ஒரு கண்டிப்பும் போதுமான தவறு அது. அதற்கு ஒரு நாட்டின் கோபம் முழுவதும் வந்து இறங்கியது.

கதாநாயகரிடம் உண்மையாகவே ஒரு குற்றம் இருக்கட்டும், சிறியதாக. அப்போதுதான் உங்கள் நாவல், தண்டனையின் அளவு என்ற கேள்வியைக் கேட்க முடியும். ஆள் மாறிப் போன கதையைவிட அது பெரிய கதை.

கதைத்தொடுப்பு எழுதியது:

வரைவுத்தாள் சொல்வது என்னைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது. இப்போதே வாசகர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர்மேல் ஒரு குற்றத்தையும் ஏற்றிவிட்டால், மிச்சமிருக்கும் பரிவும் போய்விடாதா? அந்த இறுதிச் சடங்கில் அவர் என்ன குற்றம் செய்திருக்க முடியும் என்பதும் எனக்குப் புலப்படவில்லை.

நிழல்மரம் எழுதியது:

இறந்தவருக்கு ஒரு மகள் இருந்தால்?

அவளுக்குத் தன் அப்பாவின் தாமதங்கள் வேடிக்கையாக இருந்திருக்காது. பள்ளிக்கூட வாசலில் கடைசிக் குழந்தையாக நின்றவள் அவள். அன்று அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்றபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பைக் கேட்டிருப்பாள். அது அவளை உண்மையாகவே காயப்படுத்தியிருக்கும். காரணம் தெரிந்தாலும் காயப்படுத்தியிருக்கும். உங்கள் கதாநாயகரின் குற்றம் அதுதான், அந்த ஒருத்திக்குச் செய்த குற்றம்.

வரைவுத்தாள் எழுதியது:

நிழல்மரம் அவர்களே, நான் பத்தி பத்தியாக எழுதியதை நீங்கள் ஒரு கேள்வியில் எழுதிவிட்டீர்கள்.

இதை இன்னும் ஓரடி நகர்த்திப் பார்க்கிறேன். அந்த அறையில் கோபப்படும் உரிமை அவளுக்கு மட்டுமே இருந்தது. மறுநாள் அவளிடம் போய்த் தலைகுனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை பொறுத்திருப்பாள். ஆனால் மறுநாள் விடிவதற்குள் அவளுடைய கோபத்தை ஆயிரமாயிரம் பேர் தங்கள் கோபமாக எடுத்துக்கொண்டார்கள். இனி அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டால், உலகத்துக்குப் பயந்து கேட்கிறார் என்று ஆகிவிடும். அவள் மன்னித்தால், அவளும் தந்தைமேல் பற்றில்லாதவள் ஆகிவிடுவாள். இரண்டு பேருக்கு நடுவில் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்றை, தீர்க்கவே முடியாதபடி கூட்டம் பறித்துக்கொண்டது. பழிச்சொற்கள் ஆறிப்போகும், வேலையும் ஒருநாள் திரும்பக் கிடைக்கும். மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பைப் பறித்ததுதான் கூட்டம் செய்த பெரிய தீங்கு. உங்கள் அங்கதம் அந்த இடத்தில் தைக்கட்டும்.

பழையவாசகர் எழுதியது:

பிறர்க்கு வரும் பழியையும் தமக்கு வந்த பழிபோல எண்ணி நாணுபவர்களையே உலகம் நாணத்தின் உறைவிடம் என்று சொல்லும் என்கிறார் வள்ளுவர் (1015). ஒருவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க நேர்ந்தவர் தாமும் கண்களைத் தாழ்த்திக்கொள்வது நம் மரபில் ஒரு பண்பாகக் கருதப்பட்டது. கதைசொல்லிக்கு இந்தக் குறளை மனப்பாடமாகத் தெரிந்திருக்கச் செய்யலாம். எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

ஆவணக்கட்டு எழுதியது:

நான் வரலாறு படிப்பவன். பொது அவமானத் தண்டனைகளைப் பற்றிப் படித்ததில் இந்த நாவலுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கழுத்தையும் மணிக்கட்டுகளையும் பலகைத் துளைகளில் மாட்டி, சந்தை மேடையில் நிறுத்தும் தண்டனை நெடுங்காலம் இருந்தது. 1816-இல் அதைப் பொய்ச்சாட்சி போன்ற குற்றத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1837-இல் முழுவதுமாக ஒழித்தார்கள். அந்த மேடையில் நின்றவர்களுள் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர், ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ. அவர் நின்றது ஓர் அங்கதத்துக்காக. 1702-இல், இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத மதப் பிரிவினரை ஒடுக்க விரும்பியவர்களின் குரலிலேயே, அவர்களுடைய கருத்தைக் கடைசி எல்லை வரை இழுத்து, ஒரு சிறு வெளியீட்டை அவர் பெயரில்லாமல் எழுதினார். படித்தவர்களில் பலர் அதை மெய்யென்றே நம்பினார்கள். எழுதியவர் யார் என்பது தெரிந்தபின் வழக்கு நடந்தது. 1703 ஜூலையில் மூன்று நாட்கள் அவரை மேடையில் நிறுத்தினார்கள். கல்லும் அழுகலும் வீசவேண்டிய கூட்டம் அவர்மேல் மலர் தூவி, அவர் நலம் வாழ்த்திக் குடித்தது என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. அந்த மேடையைப் பற்றியே அவர் எழுதிய கவிதை அதே நாட்களில் அச்சாகி விற்பனைக்கும் வந்தது. பொது அவமானம் புகழாக மாறுவது நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்தபோது வியப்பாக இருந்தது.

பழையவாசகர் ஐயாவின் யோசனைக்கு இது ஓர் எச்சரிக்கையும்கூட. கூட்டத்தின் குரலில் எழுதினால், அதை உங்கள் குரல் என்றே எடுத்துக்கொள்ளும் வாசகர்கள் எப்போதும் இருப்பார்கள்.

இன்னொன்று, கால அளவு. மேடையில் நிறுத்தும் தண்டனை எவ்வளவு கொடியதாக இருந்தாலும், அதற்கு மணிக்கணக்கு இருந்தது. நேரம் முடிந்ததும் பலகையைத் திறந்தே ஆகவேண்டும். இணையத்தில் பலகையைத் திறக்க யாருமில்லை. ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர், 1998-இல் தம் கடனுக்காகச் சொத்து ஏலத்துக்கு வந்த அறிவிப்பு, கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் தம் பெயரைத் தேடினால் வருகிறது என்று முறையிட்டார். 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அத்தகைய இணைப்புகளைத் தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. செய்தித்தாளின் பக்கம் அப்படியே இருக்கலாம். அதற்குப் போகும் வழியைத்தான் மறைக்கச் சொன்னார்கள். இப்போது சட்டம் படிக்கும் எல்லோருக்கும் அந்தக் கடன் தெரியும்.

மறைக்கப் போனால் பெரிதாகும் என்பதற்கு 2003-இல் நடந்த வழக்கும் சான்று. கலிபோர்னியக் கடற்கரையை ஆவணப்படுத்திய படங்களில் தம் வீடு தெரிகிறது என்று பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் வழக்குத் தொடுத்தார். வழக்குக்கு முன் அந்தப் படம் தரவிறக்கப்பட்டது ஆறு தடவை. அவற்றில் இரண்டு அவருடைய வழக்கறிஞர்களே செய்தவை. வழக்குக்குப் பின் ஒரே மாதத்தில் 4,20,000-க்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். உங்கள் கதாநாயகர் காணொளியை நீக்கச் சொல்லி எழுதும் ஓர் அத்தியாயம் இல்லையென்றால், கட்டாயம் எழுதுங்கள்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

பல ஆண்டுகள் நாவல்களுக்கு மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில், தாளில் எப்படி வரவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பின்னூட்டங்களைப் பக்கம் பக்கமாக அடுக்காதீர்கள். இப்படிப்பட்ட நாவல்களில் எழுத்தாளர்கள் நிலைதடுமாறுவது அங்கேதான். திரையில் நொடியில் ஓடிவிடும் சொற்கள், தாளில் கல்லைப்போல் உட்கார்ந்துவிடும். ஐந்தாவது பின்னூட்டத்தில் வாசகரின் கண் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். ஒரே ஒரு பின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு, அது கைமாறக் கைமாற எப்படி உருமாறுகிறது என்பதைக் காட்டுங்கள். முதலில் ‘சாவு வீட்டில் சிரிக்கிறார்’ என்று இருக்கும். அடுத்தவர் ‘சிரிக்கிறான்’ என்பார். அதற்கடுத்தவர் ‘நண்பனைக் கொன்றவனைப்போல் சிரிக்கிறான்’ என்பார். நாலாமவர் ‘போல்’ என்ற சொல்லை விட்டுவிடுவார். ஒரு மரியாதை விகுதியும் ஓர் உவம உருபும் காணாமற்போனதில் ஒரு மனிதர் கொலைகாரர் ஆகிவிடுகிறார். தமிழில் எழுதுகிறவருக்கு இதைவிடக் கூர்மையான கருவி வேறென்ன வேண்டும்?

சொல் ஏன் இப்படிக் காரமாகிக்கொண்டே போகிறது என்பதற்கு ஆய்வும் உண்டு. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. அறச்சீற்றமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடும்போதெல்லாம், அந்தப் பதிவு பரவுவது ஏறக்குறைய 20 விழுக்காடு கூடியது என்று கண்டது. விருப்பப் பொத்தானும், பிறர் பதிவை ஒரே தொடுதலில் மறுபகிர்வு செய்யும் பொத்தானும் பெரிய தளங்களில் 2009-இல்தான் வந்தன. அதற்கு முன் மறுபகிர்வு செய்பவர் நகலெடுத்து ஒட்டவேண்டும்; ஒட்டுவதற்குள் ஒருமுறை படித்தும் விடுவார். இந்த எண்களை நாவலுக்குள் எழுத வேண்டாம். எழுதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இன்னொரு சிறிய கேள்வி. அந்த 9 நொடிக் காணொளியில் ஒலி இருக்கிறதா? இரங்கல் உரை அதில் கேட்கவேண்டுமே? ‘நேரம் தவறாதவர்’ என்ற சொற்கள் கேட்டால், பார்த்தவர்களில் நண்பரை அறிந்த சிலராவது விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பார்கள். வரைவில் இதற்கு விடை இல்லையென்றால், அது ஓட்டை.

கதைத்தொடுப்பு எழுதியது:

மெய்ப்புநோக்கி ஐயா, அது ஓட்டைதான். மூன்று ஆண்டுகளாக என் கண்ணில் படவில்லை.

இரண்டு நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நகலிலேயே யாரோ ஒலியை நீக்கிவிட்டு, பின்னணியில் ஒரு வாத்திய இசையைச் சேர்த்துவிட்டார்கள் என்று எழுதப்போகிறேன். உலகம் பார்த்தது அந்த நகலைத்தான். கதாநாயகரும் ஒலியோடு அதைக் கேட்டதில்லை.

அடுத்த சிக்கல் விளம்பரப் படப்பிடிப்பு. வரைவில், கேமராவின் முன் நின்ற அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது என்று முடித்திருந்தேன்.

அகத்திணை எழுதியது:

அந்த முடிவை வாசகர் படப்பிடிப்பு என்ற சொல்லைப் பார்த்தவுடனேயே ஊகித்துவிடுவார். சிரிக்கச் சொன்னால் அழுவது மேடை நாடகங்களில் தேய்ந்துபோன வழி. தயங்காமல் அடித்துவிடுங்கள். ஒலி என்ற திறவுகோலை மெய்ப்புநோக்கி உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டாரே.

கதைத்தொடுப்பு எழுதியது:

புரிந்துகொண்டேன். நேற்று இரவு எழுதிய பகுதியை அப்படியே இடுகிறேன். மெருகேற்றவில்லை.

“இயக்குநர், ‘இதுதான் ஐயா, இதே அளவு, இதே வேகம்’ என்று சொல்லி, மேசைமேல் இருந்த திரையைத் திருப்பி வைத்தார். யாரோ ஒரு பையன் அலைந்து திரிந்து மூலக் காணொளியைத் தேடி எடுத்திருந்தான். இசை இல்லை. முதலில் மின்விசிறியின் கறகறப்பு கேட்டது. பிறகு ஒரு குழந்தையின் இருமல். பிறகு, நான்கு மாதங்களாக அவர் நினைவில் மட்டுமே இருந்த அந்தக் குரல், ‘நேரம் தவறாதவர்’ என்றது. பைண்டிங் பசை காய்ந்த விரல்களால் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வண்டி 40 நிமிடம் கழித்து வளைவில் திரும்பியது அவர் கண்முன் வந்தது. அவர் சிரித்தார். இயக்குநர், ‘நிறுத்தாதீர்கள், நிறுத்தாதீர்கள்’ என்று கத்தினார். அவரால் நிறுத்தவும் முடியவில்லை.”

சிரிப்புக்கான காரணத்தை 19-ஆம் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டேன். வாசகருக்கு அது முதன்முதலில் இந்த இடத்தில்தான் தெரியவரும்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ‘அவர் கண்முன் வந்தது’ என்ற தொடரை மட்டும் எடுத்துவிடுங்கள். வண்டி வளைவில் திரும்பியது என்று முடித்தாலே வாசகர் பார்த்துவிடுவார்.

வரைவுத்தாள் எழுதியது:

மகள் எங்கே? படப்பிடிப்போடு நாவல் முடிந்துவிட்டால், அவர் சிரித்ததற்கு நல்ல காரணம் இருந்தது என்ற பழைய இடத்துக்கே வாசகர் திரும்பிப் போய்விடுவார். அந்த விளம்பரம் வெளியானால், அவள் அந்தச் சிரிப்பை இரண்டாம் முறையும் கேட்கவேண்டி வரும். முதல் முறை அவர் அறியாமல் செய்தது. இரண்டாம் முறை காசு வாங்கிக்கொண்டு செய்தது. உண்மையான சிரிப்பு என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கதைத்தொடுப்பு எழுதியது:

ஆம். அதற்காகவே 23-ஆம் அத்தியாயம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். விளம்பரம் வெளியாவதற்கு முந்தின நாள் அவர் அவளுடைய வீட்டுக்குப் போகிறார். கதவைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கைகளைப் பார்க்கிறாள், கைப்பேசி இருக்கிறதா என்று. பிறகு அவர் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்க்கிறாள், யாராவது படம் எடுக்கிறார்களா என்று. அவர் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை எடுத்து, அணைத்து, வாசற்படியில் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

அந்த வரியிலேயே நாவலை நிறுத்திவிடலாமா, உள்ளே நடந்த உரையாடலையும் எழுதலாமா என்று தெரியவில்லை. நிறுத்துவதுதான் நயம் என்று ஒரு மனம் சொல்கிறது.

நிழல்மரம் எழுதியது:

எழுதுங்கள். 22 அத்தியாயங்களாக உலகமே அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறது. திட்ட உரிமையுள்ள ஒருத்தி இன்னும் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றதிலிருந்து அவள் தொடங்கட்டும். அவர் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

கதைத்தொடுப்பு எழுதியது:

சரி, எழுதுகிறேன். அவள் முதலில் அப்பாவைத்தான் திட்டுவாள் என்று இப்போது தோன்றுகிறது. வரைவு முடிந்ததும் இதே இழையில் இடுகிறேன்.